இதழியல் பட்டம்: கட்டணம் கட்டுவதற்கு முன்...



எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் கைப்பேசிகள் ஓயாமல் ஒலிக்கத் தொடங்கும். ஆறாம் ஆண்டோடு நம் வகுப்பறையை விட்டுப் போன பிள்ளைகள் ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நம்மைத் தேடுவார்கள். "டீச்சர், எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம்?" என்று கேட்பார்கள். இடைநிலைப்பள்ளியில் இதற்கென்று ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். இணையத்திலும் தகவல் கொட்டிக் கிடக்கிறது. ஆனாலும், பெற்றோர் தமிழில் பேசித் தெளிவு பெற ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் பெரும்பாலும் நாம்தாம்.

மருத்துவம், பொறியியல், கணக்கியல், ஆசிரியர் பணி ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால் நம்மிடம் ஓரளவு பதில் இருக்கும். ஒரு பிள்ளை "நான் இதழியல் படிக்க விரும்புகிறேன்" என்று சொல்லும்போதுதான் வீடும் பள்ளியும் ஒருசேரத் தடுமாறுகின்றன. அது ஒரு படிப்பா, அதற்கு வேலை உண்டா, எங்கே படிப்பது, அந்தப் பட்டம் செல்லுமா எனக் கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். இவற்றுள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவள். எந்தக் கல்லூரி என்பதைக் கல்வி அமைச்சே முடிவு செய்து கடிதம் அனுப்பியது. படித்து முடித்ததும் பள்ளியையும் அதுவே ஒதுக்கித் தந்தது. 'இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா?' என்று கேட்க வேண்டிய தேவையே எங்களுக்கு இருக்கவில்லை. இன்றைய பிள்ளைகளின் நிலை அப்படியன்று. கல்விக் கண்காட்சிக்குப் போனால் ஒரே நாளில் இருபது நிறுவனங்களின் கையேடுகளோடு வீடு திரும்புகிறார்கள். எல்லாக் கையேடுகளும் பளபளப்பாகவே இருக்கின்றன.

ஒரு தந்தையின் சேமிப்பு

என் முன்னாள் மாணவி ஒருத்தி ஆறாம் படிவம் முடித்த ஆண்டில் தன் தந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். நான்காம் ஆண்டிலேயே வகுப்புச் சுவரேட்டுக்குச் செய்தி எழுதியவள் அவள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரேங்கின் விலை ஏன் ஏறியது என்று சிற்றுண்டிச்சாலை அக்காவிடமே கேட்டு எழுதிவந்த பிள்ளை! தந்தை லாரி ஓட்டுநர். கையில் ஒரு தனியார் கல்லூரியின் கையேடு இருந்தது.

"டீச்சர், இந்த வாரத்துக்குள்ள பதிஞ்சா கட்டணத்துல கழிவு தர்றாங்களாம். இ.பி.எஃப். பணத்தை எடுக்கலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

பிள்ளைகளின் உயர்கல்விக்காக ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழியுண்டு என்பது நம்மில் பலருக்கும் தெரியும். முன்பு அது இரண்டாம் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு 'செஜாத்ரா' கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. கணக்கின் பெயர் எதுவாயினும் அது இருபத்தைந்து ஆண்டுக் கால நெடுஞ்சாலைப் பயணத்தின் சேமிப்பு. ஒருமுறை எடுத்தால் மீண்டும் நிரப்புவது எளிதன்று.

சற்றுத் தயங்கி அவரே இன்னொன்றும் சொன்னார். "தமிழ் நேசனையே மூடிட்டாங்களே டீச்சர். இவ படிச்சு முடிச்சா எங்க போய் வேலை செய்வா?"

நியாயமான கேள்வி. 1924ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுபோனது. நூற்றாண்டைத் தொட ஐந்தே ஆண்டுகள் இருந்தன. அந்தச் செய்தி நம் வீடுகளில் ஏற்படுத்திய அச்சம் இன்னும் போகவில்லை. அவருடைய கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கையேட்டைப் பார்ப்போம்.

கையேட்டின் அடியில் உள்ள சிறிய எழுத்துகள்

பெற்றோர்களே, எந்தக் கையேட்டிலும் படிப்பின் பெயருக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரிசை எண் இருக்கும். சிரிக்கும் மாணவர்களின் படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள். அதில் இரண்டு பகுதிகள் உண்டு.

முதற்பகுதி, உயர்கல்வி அமைச்சு அந்தப் படிப்பை நடத்த அனுமதி கொடுத்திருப்பதைக் காட்டுவது. அது 'என்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கினால் புதிய அனுமதி. 'ஆர்' எழுத்தில் தொடங்கினால் புதுப்பிக்கப்பட்ட அனுமதி. நடுவில் 321 அல்லது 0321 என்றிருந்தால் அது இதழியல், செய்தியறிக்கைத் துறையைக் குறிக்கும். அடுத்து வரும் 6 என்ற எண் அது இளங்கலைப் பட்டம் என்பதைக் காட்டும்.

இரண்டாம் பகுதிதான் அங்கீகாரம். அது எம்.கியூ.ஏ. என்று தொடங்கும். மலேசியத் தகுதி முகவாண்மை என்று தமிழில் சொல்லலாம். லான் என்ற பழைய தேசிய அங்கீகார வாரியமும் உயர்கல்வி அமைச்சின் தர உறுதிப் பிரிவும் இணைக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டில் உருவான அமைப்பு இது. அதன் எண்ணில் 'பி.ஏ.' என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம். 'எஃப்.ஏ.' என்றிருந்தால் முழு அங்கீகாரம். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற சில, தம் படிப்புகளைத் தாமே மதிப்பிட்டு அங்கீகரிக்கும் உரிமை பெற்றவை. அவற்றின் எண்ணில் 'எஸ்.டபிள்யூ.ஏ.' என்ற எழுத்துகளைக் காணலாம்.

தற்காலிக அங்கீகாரம் என்பது குற்றமன்று. புதிதாகத் தொடங்கும் எந்தப் படிப்பும் அந்தப் படியைத் தாண்டித்தான் வர வேண்டும். பாடத்திட்டமும் ஆசிரியர்களும் வசதிகளும் குறைந்த அளவுத் தேவையை நிறைவு செய்தால் அது கிடைக்கும். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும்போது முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடைபெறும். அப்படியென்றால், முதல் அணியில் சேரும் பிள்ளை இன்னும் முடிவாகாத ஒன்றின்மேல் மூன்று ஆண்டுகளையும் தந்தையின் சேமிப்பையும் வைக்கிறது. இதைத் தெரிந்து ஏற்பது வேறு. தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

லாரி ஓட்டுநர் கொண்டுவந்த கையேட்டில் 'அமைச்சின் அனுமதி பெற்றது' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அடியில் இருந்ததோ 'பி.ஏ.' என்ற இரண்டு எழுத்துகள். மாணவியே கல்லூரிக்குத் தொலைப்பேசியில் அழைத்தாள். முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா, முதல் அணி எப்போது முடிக்கிறது என்று கேட்டாள். "விரைவில் கிடைத்துவிடும், கவலைப்படாதீர்கள்" என்பதே பதில். தேதி இல்லை. இதழியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு அதைவிட நல்ல முதற்பாடம் கிடைத்திருக்காது. கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் அதுவும் ஒரு செய்திதான்!

சரிபார்ப்பது எப்படி?

கையேட்டை மட்டும் நம்ப வேண்டியதில்லை. எம்.கியூ.ஏ. இணையத்தளத்தில் மலேசியத் தகுதிகளின் பதிவேடு இருக்கிறது. கட்டணம் இல்லை. நிறுவனத்தின் பெயரை இட்டால் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல் வரும். மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று, படிப்பின் முழுப்பெயர் அப்படியே இருக்கிறதா? 'தொடர்புத்துறை' முழு அங்கீகாரம் பெற்றிருக்கலாம். அதே நிறுவனத்தின் 'இதழியல்' பெறாமல் இருக்கலாம். அங்கீகாரம் என்பது படிப்புக்குத் தரப்படுவது. நிறுவனத்தின் புகழுக்குத் தரப்படுவதன்று.

இரண்டு, எந்த வளாகம்? கோலாலம்பூர் வளாகத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் வேறு நகரிலுள்ள கிளைக்குத் தானாகப் போய்ச் சேராது.

மூன்று, எந்த நிலை? டிப்ளோமாவின் அங்கீகாரத்தைக் காட்டிப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ள இடங்கொடுக்காதீர்கள்.

பிரிட்டன் அல்லது ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கேயே மூன்றாண்டுகள் படித்துப் பெறும் திட்டங்களுக்கும் எம்.கியூ.ஏ. அங்கீகாரம் தேவை. சான்றிதழில் வெளிநாட்டுப் பெயர் இருப்பதாலேயே இந்தக் கேள்வி நீங்கிவிடாது. சிங்கப்பூர்ப் பெற்றோர்களும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். அங்கே ஒரு தனியார் கல்வி நிலையம் முறையாகப் பதிவு பெற்றிருப்பது, அது நடத்தும் பட்டப்படிப்பின் தரத்துக்குச் சான்றாகிவிடாது.

அங்கீகாரம் இல்லாவிட்டால் என்ன?

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும. மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் ஆகியோருக்குத் தொழில்முறை மன்றங்கள் உண்டு. அவற்றில் பதிவு பெறாமல் தொழில் செய்ய இயலாது. செய்தியாளருக்கு அப்படி உரிமம் இல்லை. 1924இல் தமிழ் நேசன் தோன்றியபோதும், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கியபோதும் மலாயாவில் இதழியல் பட்டப்படிப்பே கிடையாது. நம் நாளேடுகளை வளர்த்த மூத்தோர் எழுதி எழுதியே கற்றவர்கள். ஆகவே, 'அங்கீகாரம் இல்லாவிட்டாலும் செய்தியாளராகலாமே?' என்று யாரேனும் கேட்டால் அதில் உண்மையில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால், நம் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். மின்னல் எஃப்.எம்., தொலைக்காட்சித் தமிழ்ச் செய்தி ஆகியவற்றை நடத்தும் ஆர்.டி.எம். ஓர் அரசுத் துறை. அரசுப் பணியில் நிரந்தரமாகச் சேரப் பட்டம் ஏற்கப்பட்டதாக இருக்க வேண்டும். பி.டி.பி.டி.என். கடனுதவி பெறுவதற்கும் படிப்பின் தகுதிநிலை பார்க்கப்படுகிறது. பின்னாளில் முதுகலை படிக்கவோ, ஆசிரியர் பணிக்கு மாறவோ நினைத்தாலும் முதலில் கேட்கப்படுவது இதுதான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு கதவு மூடினால் வேறு கதவைத் தட்டும். லாரி ஓட்டுநரின் பிள்ளைக்கு எல்லாக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும். அதற்காகவே அங்கீகாரத்தை முதலில் பாருங்கள் என்கிறேன்.

அங்கீகாரம் அடித்தளம், அதுவே வீடாகாது

இதைச் சொன்ன அதே மூச்சில் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் இருந்தால் மட்டும் படிப்பு சிறந்ததாகிவிடாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற இதழியல் பள்ளிகளுள் ஒன்றான நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் பள்ளி, 2017ஆம் ஆண்டில் அந்நாட்டு இதழியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று தானே முடிவெடுத்தது. சென்னையிலுள்ள ஆசிய இதழியல் கல்லூரியும் நன்மதிப்புப் பெற்ற நிறுவனம். ஆனால் அது தருவது முதுநிலைப் பட்டயம், பல்கலைக்கழகப் பட்டம் அன்று. அங்கே போய்ப் படிக்க விரும்பும் நம் பிள்ளைகள் முதலில் இங்கே ஒரு பட்டத்தை முடித்துக்கொண்டு போவதே அறிவுடைமை.

எனவே, அங்கீகாரம் பெற்ற படிப்புகளைப் பட்டியலிட்ட பிறகு, அவற்றுக்குள் எது நல்லது என்று பார்க்க வேறு கேள்விகள் வேண்டும்.

பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். நம் நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் நேரம் தேவை. அதில் செய்தி சேகரித்தல், செய்தி எழுதுதல், திருத்துதல், ஊடகச் சட்டம், அறநெறி ஆகியவை எத்தனை? 'ஊடகம்' என்ற பெயரில் விளம்பரமும் மக்கள் தொடர்பும் மட்டும் நிறைந்திருந்தால் அது வேறு படிப்பு. ஊடகச் சட்டத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம், 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம், 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம், 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம், 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் என இத்தனைக்கும் நடுவில் நின்று எழுதப்போகும் பிள்ளை அது. எல்லை எது என்று தெரிந்தவர்தாம் அந்த எல்லைவரை துணிந்து நடக்க முடியும்.

மாணவர்கள் நடத்தும் செய்தித்தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்திலிருந்தே தொடர்புத்துறையைக் கற்பித்து வருகிறது. அங்கே இதழியல் மாணவர்கள் 'பெரித்தா கம்புஸ்' என்ற ஏட்டை நடத்திப் பழகினார்கள். தேர்வுத் தாளில் செய்தி எழுதுவதும், தவறாக எழுதினால் மறுநாள் கேள்வி கேட்க ஆளிருக்கும் ஏட்டில் எழுதுவதும் ஒன்றாகா.

தொழிற்பயிற்சி எத்தனை வாரம், எங்கெங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். விரிவுரையாளர்களுள் செய்தியறையில் வேலை செய்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அண்மையில் படிப்பை முடித்த இருவரோடு பேச முடியுமா என்றும் கேளுங்கள். நல்ல துறை இந்தக் கேள்விகளை வரவேற்கும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, யூ.பி.யூ. வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவு வரும்வரை காத்திருப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு நல்லது. எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்குக் கல்வி அடைவு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கை 10 விழுக்காடு என்று புள்ளி கணக்கிடப்படுகிறது. அந்தப் பத்து விழுக்காட்டைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். பள்ளிப் பத்திரிகைக் குழு, பேச்சுப்போட்டி, சீருடை இயக்கம் ஆகியவை இங்கேதான் கைகொடுக்கின்றன. இந்த வாரக் கழிவு, இந்த மாதக் கழிவு என்று அவசரப்படுத்தும் இடத்தில் அவசரப்படாதீர்கள். கழிவு அடுத்த மாதமும் வரும்!

என் மாணவி காத்திருந்தாள். விண்ணப்பத்தில் மூன்றாவதாகக் குறித்திருந்த அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் தொடர்புத்துறையில் இடம் கிடைத்தது. இதழியலைத் தனிப்பிரிவாக எடுத்துப் படித்து வருகிறாள். அவள் ஆசைப்பட்ட முதல் பல்கலைக்கழகம் அன்று. ஆயினும், தந்தையின் சேமிப்பு பெரும்பகுதி அப்படியே இருக்கிறது.

அந்தத் தந்தையின் கேள்வி

படித்தபின் வேலை எங்கே? தமிழ் நாளேடுகளை மட்டும் நம்பி ஒரு பிள்ளையை இதழியலுக்கு அனுப்ப முடியாது என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பட்டம் ஒரு மொழிக்குள் அடங்குவதன்று. பெர்னாமா, ஆர்.டி.எம்., தனியார் தொலைக்காட்சி, மலாய், ஆங்கில இணைய ஊடகங்கள், நிறுவனங்களின் தொடர்புப் பிரிவுகள் எனப் பாதைகள் பல. மூன்று மொழிகளில் கேட்டு, மூன்று மொழிகளில் எழுதத் தெரிந்த செய்தியாளருக்கு மதிப்பு உண்டு. நம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே அமையக்கூடிய வலிமை அது.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. நம் நாட்டில் இதழியல் படிப்புகள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ நடைபெறுகின்றன. தமிழில் செய்தி எழுத அங்கே யாரும் கற்றுத்தரப் போவதில்லை. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுத்து, ஆறாம் படிவத்திலும் தமிழைத் தொடர்ந்த பிள்ளைக்கே அந்த வாசல் திறந்திருக்கும். 'பத்து ஏ வாங்க வேண்டும், தமிழ் எதற்கு?' என்று நான்காம் படிவத்தில் தமிழைக் கைவிடச் சொல்லும் பெற்றோர், பின்னாளில் தம் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய ஒரு வேலையையும் சேர்த்தே கைவிடுகிறார்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் செய்யக்கூடியது

பல்கலைக்கழகத் தேர்வு நமக்குத் தொலைவிலுள்ள செய்தியாகத் தோன்றலாம். ஆனால், செய்தியாளருக்குத் தேவையான பழக்கங்கள் நம் வகுப்பறையில்தான் தொடங்குகின்றன. வாரத்துக்கு ஒரு நாள் நாளிதழை வகுப்பில் விரித்து வையுங்கள். ஒரே செய்தியை இரண்டு ஏடுகளில் படித்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 'யார் சொன்னார்? உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டுப் பழக்குங்கள். ஓர் ஊரின் பெயரையும் ஒருவரின் பெயரையும் பிழையின்றி எழுதும் பொறுப்பை உணர்த்துங்கள்.

நம் சமுதாயத்தின் செய்தியை யாரேனும் எழுதித்தான் ஆக வேண்டும். தோட்டத்துச் சாலை, பள்ளி இடமாற்றம், குடியுரிமை இல்லாத பிள்ளை, மூடப்படும் ஆலை என இவற்றை நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, சரிபார்த்து எழுத ஆள் இல்லாத நாளில் வாட்சாப்பில் வருவதே நமக்குச் செய்தியாகிவிடும். அதனால், இதழியல் படிக்க விரும்பும் பிள்ளையை அச்சுறுத்தித் திருப்பி அனுப்பாதீர்கள். அதேபோல், ஆசையை மட்டும் நம்பிக் கையெழுத்தும் போடாதீர்கள். ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். பிள்ளையோடு உட்கார்ந்து அந்தச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பதிவேட்டைத் திறந்து பாருங்கள். பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டுப் படிப்புக்கு ஒரு மாலைப்பொழுது அதிகமன்று.

உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல இடம் கிடைக்க வாழ்த்துகிறேன்.